விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு: ஆரணி நெசவு வீடுகளும் தமிழ்நாட்டு அடுப்பின் மாற்றமும்

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க் கொதிகலனை அகற்றி எரிவாயுக் கொதிகலனை அமைப்பது ஒரு குடும்பத்தின் பெரிய செலவுகளில் ஒன்று. தமிழ்நாட்டில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. இங்கு எண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாறியது அடுப்புதான். விறகில் தொடங்கி, மண்ணெண்ணெயில் சில பத்தாண்டுகள் நின்று, பின்னர் எரிவாயு உருளைக்கு வந்து சேர்ந்த மாற்றம் அது. சமையலறையும் தொழிற்கூடமும் ஒரே கூரையின் கீழ் அமைந்த ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில், அந்த மாற்றம் எதுவரை சென்றது, எங்கே நின்றுவிட்டது என்பதைத் தெளிவாகக் காணலாம்.

ஊரும் தொழிலும்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த நகரம். 1989இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் ஜாகீராக விளங்கிய இவ்வூரின் அருகில் 1751இலும் 1782இலும் போர்கள் நடந்தன. இன்று ஆரணியின் பெயரைச் சொல்வன அரிசியும் பட்டும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அருகிலுள்ள தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் பட்டு நெசவு நடைபெறுகிறது.

கைத்தறி நெசவு பெரும்பாலும் வீட்டுத் தொழில். முன்கூடத்தில் குழித்தறி இருக்கும். பாவு தயாரிப்பதிலும் ஊடை சுற்றுவதிலும் வீட்டார் அனைவருக்கும் பங்கு உண்டு. அதே வீட்டின் பின்கட்டில் சமையல் அடுப்பு எரியும். இந்த அமைப்பில் நெருப்பு, புகை, கரி ஆகிய மூன்றும் தொழிலுக்குப் பகை. வெளிர்நிறப் பட்டில் படிந்த கரியை நூலுக்குக் கேடில்லாமல் போக்குவது கடினம். சரிகையில் உள்ள வெள்ளி கந்தகம் கலந்த புகை பட்டால் கறுக்கும். விறகுப் புகையிலும் மண்ணெண்ணெய்ப் புகையிலும் கரித்துகள் உண்டு. மண்ணெண்ணெயில் சிறிதளவு கந்தகமும் உண்டு. எனவே அடுப்பில் எரிவது எது என்ற கேள்வி, நெசவு வீட்டில் சமையலோடு முடிவதில்லை. தறியில் இருக்கும் சேலையையும் அது தொடுகிறது.

பட்டுத் தொழிலுக்கு உள்ளேயே வெப்பம் தேவைப்படும் கட்டங்களும் உண்டு. கோராப்பட்டு இழையின் மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கும். அது இழையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. சோப்பும் சோடாவும் கலந்த, கொதிநிலையை நெருங்கிய நீரில் நூற்கழிகளை அமிழ்த்தி இப்பசையை நீக்குவர். பிறகுதான் பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வரும். சாயமேற்றுவதற்கும் 85 முதல் 95 பாகை செல்சியசு வரை சூடான நீர் வேண்டும். கழிகளைக் கோல்களில் மாட்டி, சூடான சாயநீரில் இடைவிடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பம் சீராக ஏறாவிட்டால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சமையல் அடுப்பும் சாயப்பட்டறை அடுப்பும் நெடுங்காலம் ஒரே எரிபொருளில் எரிந்தன. அது விறகு.

விறகுக் காலம்

மண்ணெண்ணெய் வருவதற்கு முன் தமிழகத்து வீடுகளில் விறகு, சுள்ளி, வரட்டி, உமி, பனையோலை, தென்னை மட்டை ஆகியவையே எரிபொருள்கள். சிற்றூரில் இவை பொறுக்கிச் சேர்ப்பவை. நகரத்தில் விறகுக் கடையில் எடை போட்டு வாங்குபவை. 19ஆம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களுக்கான விறகுக்காகச் சென்னை மாகாணத்தில் சவுக்குத் தோப்புகள் பெருமளவில் வளர்க்கப்பட்டன. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல் பின்னாளில் ஏழைகளின் முதன்மையான விறகாயிற்று.

மண் அடுப்பு செலவில்லாதது. ஆனால் வெப்பத்தை வீணாக்குவது. விறகிலுள்ள வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே பாத்திரத்தைச் சேரும். எஞ்சியது புகையோடும் அடுப்பின் வாய் வழியாகவும் போய்விடும். ஊதுகுழலும் கையுமாக அடுப்பின் முன் அமர்ந்திருந்த பெண்களின் கண்ணும் நுரையீரலும் அதற்கு விலை கொடுத்தன.

இக்குறையைப் போக்கும் முயற்சிகள் விடுதலைக்கு முன்பே தொடங்கின. தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, 1934இல் தொடங்கப்பட்ட அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தினார். புகைபோக்கியுடன் கூடிய 'மகன்' அடுப்பும், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன்' விளக்கும் அங்கு உருவாயின. 1950களில் ஐதராபாத்தின் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பரப்பினார். நடுவண் அரசு 1980களில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை நடத்தியது. புகைபோக்கி அடைத்துக்கொள்வதும், உடைந்த அடுப்பைச் சீர்செய்ய ஆள் இல்லாததும் இந்த அடுப்புகள் பல வீடுகளில் கைவிடப்படக் காரணங்களாயின.

மண்ணெண்ணெய் வருகை

மண்ணெண்ணெய் முதலில் சமையலறைக்கு வரவில்லை, விளக்குக்குத்தான் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க எண்ணெயும், தொடர்ந்து உருசியாவின் பாகு எண்ணெயும், பின்னர் பர்மா எண்ணெயும் தகர டின்களில் இந்தியாவுக்கு வந்தன. சீமையிலிருந்து வந்ததால் சீமெண்ணெய் என்றும், 'கெரசின் ஆயில்' என்பது மக்கள் நாவில் திரிந்து கிருஷ்ணாயில் என்றும் பெயர் பெற்றது. ஆமணக்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும் எரிந்த இடத்தில் சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வந்தன. காலியான டின் தண்ணீர்க் குடமாகவும் கூரைத் தகடாகவும் மறுபிறவி எடுத்தது.

இந்த எண்ணெய் வெளியிலிருந்து வருவது என்பதை மக்களுக்கு உணர்த்திய நிகழ்வுகள் இரண்டு. முதலாவது, 1914 செப்டம்பர் 22 இரவில் செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கியது. துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. இரண்டாவது, 1942இல் பர்மா சப்பானியர் வசமானது. பின்வாங்கிய ஆங்கிலேயர் ஏனாஞ்சாங் எண்ணெய் வயல்களைத் தாமே அழித்தனர். பர்மா எண்ணெய் நின்றுபோய், மண்ணெண்ணெய் பங்கீட்டுப் பொருளாயிற்று. போருக்குப் பின்னும் நெடுங்காலம் ரேஷன் கடையோடு அதன் உறவு நீடித்தது.

பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்களைத் தொடர்ந்து மின்சாரம் ஊர் ஊராகப் பரவியது. விளக்கில் மண்ணெண்ணெயின் தேவை குறையக் குறைய, அது அடுப்புக்கு நகர்ந்தது. 1892இல் சுவீடனில் உருவான பிரைமஸ் வகைப் பம்பு ஸ்டவ்வும், அதைவிட மலிவான திரி ஸ்டவ்வும் நகர வீடுகளில் பரவின. 1970களின் இறுதியில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு, குறைந்த எண்ணெயில் எரியும் 'நூதன்' திரி ஸ்டவ்வை உருவாக்கியது. மணலியில் 1965இல் நிறுவப்பட்டு 1969இல் இயங்கத் தொடங்கிய மெட்ராஸ் ரீஃபைனரீஸ் (இன்றைய சென்னைப் பெட்ரோலியக் கழகம்) மண்ணெண்ணெயையும் சமையல் எரிவாயுவையும் தமிழ்நாட்டிலேயே பிரித்தெடுத்தது.

விறகோடு ஒப்பிட்டால் ஸ்டவ் பெரிய வசதி. நினைத்தபோது பற்றவைக்கலாம், அணைக்கலாம். இடம் அதிகம் தேவையில்லை. மழைநாளில் ஈர விறகோடு போராட வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் தொல்லைகள் உண்டு. பம்பு ஸ்டவ்வின் துளையில் கரி அடைத்தால் பின்னால் குத்தி எடுக்க வேண்டும். திரி தேய்ந்தால் புகையும், பாத்திரம் கறுக்கும். எரியும் ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுவது விபத்தில் முடியும்.

விபத்தைவிடக் கொடிய பக்கமும் உண்டு. 1980களில் 'ஸ்டவ் வெடித்துப் பெண் சாவு' என்ற செய்தி நாளிதழ்களில் வழக்கமான ஒன்றாக இருந்தது. அவற்றுள் பல வரதட்சணைக் கொடுமையால் நிகழ்ந்தவை என்ற ஐயம் நாடெங்கும் எழுந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983இல் 498அ பிரிவும், 1986இல் வரதட்சணை மரணம் குறித்த 304ஆ பிரிவும் சேர்க்கப்பட்டதற்கு இம்மரணங்கள் எழுப்பிய போராட்டங்களே பின்னணி. வீட்டில் எப்போதும் சில லிட்டர் மண்ணெண்ணெய் இருப்பது கொலைக்கும் தற்கொலைக்கும் கைக்கெட்டிய கருவியாக அமைந்ததை மருத்துவர்களும் பெண்கள் அமைப்புகளும் சுட்டிக்காட்டினர்.

எரிவாயு உருளை

சமையல் எரிவாயு என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அழுத்தத்தில் நீர்மமாகி உருளைக்குள் அடங்கும், திறந்தால் வாயுவாகும். இயல்பில் மணமற்றது என்பதால், கசிவை அறிய மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருள் சேர்க்கப்படுகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோரமாகத் தங்கும். உருளையைத் தாழ்வான குழியிலோ மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது என்ற விதிக்கு இதுவே காரணம். குழித்தறி உள்ள வீட்டில் இந்த எச்சரிக்கை கூடுதலாகவே பொருந்தும்.

இந்தியாவில் இதன் விற்பனையை 1955இல் மும்பையில் பர்மா ஷெல் நிறுவனம் தொடங்கியது. இந்தியன் ஆயிலின் இண்டேன் 1965இல் கொல்கத்தாவில் அறிமுகமானது. எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல் 1976இலும் அரசுடைமையாகி, முறையே இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆயின. ஆனால் இணைப்பு எளிதில் கிடைக்கவில்லை. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எரிவாயு இணைப்புக்கான ஒதுக்கீடு இருந்ததே அதன் அருமையைக் காட்டும். காத்திருப்போர் பட்டியல் 1990களின் இறுதியில்தான் கரைந்தது.

இணைப்பு பெற்ற வீட்டின் குடும்ப அட்டையில் அது பதிவு செய்யப்பட்டது. அதன்படி மண்ணெண்ணெய் அளவு குறைக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. ஆகவே எரிவாயுவுக்கு மாறுவது ஒரு வசதியைச் சேர்த்துக்கொள்வதாக மட்டும் அமையவில்லை. ரேஷன் எண்ணெயை விட்டுக்கொடுப்பதாகவும் அமைந்தது. உருளைக்கு மொத்தமாகப் பணம் கட்ட இயலாத குடும்பங்கள் இதனால் தயங்கின. மண்ணெண்ணெயை அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று வாங்கலாம். 14.2 கிலோ உருளையைப் பகுதி பகுதியாக வாங்க முடியாது. சேலை அறுத்து முடித்த பிறகு கூலி பெறும் நெசவாளருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

கணக்கு என்ன சொல்கிறது

மூன்று எரிபொருள்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கிலோ எரிவாயுவில் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் உள்ளது. மண்ணெண்ணெயில் கிலோவுக்குச் சுமார் 10,300. ஒரு லிட்டரின் எடை 0.8 கிலோ. காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 3,500. பாத்திரத்தைச் சேரும் வெப்பம் எரிவாயு அடுப்பில் 65 விழுக்காடு, திரி ஸ்டவ்வில் 45 விழுக்காடு, மண் அடுப்பில் 12 விழுக்காடு என்று கொள்வோம். அப்போது 14.2 கிலோ உருளை ஒன்று செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 27 லிட்டர் மண்ணெண்ணெய் அல்லது 240 கிலோ விறகு தேவைப்படும்.

இதே கணக்கைச் சாயப்பட்டறைக்கும் போடலாம். 100 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்குக் கொண்டுவர 6,000 கிலோ கலோரி வேண்டும். அதற்கு 14 கிலோ விறகு, அல்லது 1.6 லிட்டர் மண்ணெண்ணெய், அல்லது 0.84 கிலோ எரிவாயு செலவாகும். எடையில் எரிவாயுவே சிக்கனம். ஆனால் பட்டறை எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை எடை முடிவு செய்வதில்லை. விலையே முடிவு செய்கிறது.

அரசுத் திட்டங்கள்

ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பு வழங்கும் திட்டங்களில் முன்னோடி, ஆந்திரப் பிரதேசத்தில் 1999இல் தொடங்கிய 'தீபம்'. தமிழ்நாட்டில் 2006 சட்டமன்றத் தேர்தலின்போது தி.மு.க. இலவச எரிவாயு அடுப்பை வாக்குறுதியாக அளித்தது. ஆட்சிக்கு வந்தபின் மு. கருணாநிதி அரசு 2007இல் இணைப்புடன் அடுப்பு வழங்கும் திட்டத்தைச் செயல்படுத்தியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய வீடுகளில் 28.5 விழுக்காடே எரிவாயுவில் சமைத்தன. தமிழ்நாட்டில் அந்த அளவு பாதியை நெருங்கியிருந்தது.

நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. பெண்களின் பெயரில் வழங்கப்பட்ட இணைப்புகள் 2019 செப்டம்பருக்குள் 8 கோடியை எட்டின. இதற்கிடையே மானியம் தரும் முறையும் மாறியது. 2012 செப்டம்பரில் மானிய உருளை ஆண்டுக்கு 6 என்று வரையறுக்கப்பட்டது. பின்னர் 9 ஆகவும், 2014இல் 12 ஆகவும் உயர்ந்தது. 2015 சனவரி முதல் நாடு முழுவதும் மானியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. முழு விலையையும் முதலில் கொடுத்துவிட்டு, மானியத்தைப் பின்னர் பெறும் முறை இது.

இணைப்பு கொடுப்பது ஒன்று; உருளை மீண்டும் மீண்டும் நிரப்பப்படுவது வேறொன்று. உஜ்வலா பயனாளிகள் சராசரியாக ஆண்டுக்கு நான்கு உருளைகளுக்கும் குறைவாகவே வாங்கினர் என்று இந்தியத் தணிக்கைத் துறையின் 2019 அறிக்கை சுட்டியது. 2020 மே முதல் பெரும்பாலான நுகர்வோருக்கு மானியம் நின்றது. உஜ்வலா குடும்பங்களுக்கு மட்டும் 2022இல் உருளைக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் அளிக்கப்பட்டன. இந்தியா தன் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்வதால், வளைகுடா விலையின் ஏற்ற இறக்கம் சமையலறை வரை வந்துவிடுகிறது. எரிவாயு உள்ள வீட்டிலும் வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு எரிவதற்குக் காரணம் இதுதான்.

உடல்நலம்

சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சமையலறைகளில் புகைத்துகளை அளந்து 2000களின் தொடக்கத்திலிருந்து ஆய்வுகளை வெளியிட்டு வந்தனர். உலக நலவாழ்வு அமைப்பு 2014இல் வெளியிட்ட நெறிமுறைகள், வீட்டில் மண்ணெண்ணெய் எரிப்பதையும் தவிர்க்க அறிவுறுத்தின. மண்ணெண்ணெய் 'தூய எரிபொருள்' என்ற பழைய எண்ணம் அத்துடன் கைவிடப்பட்டது.

பின்னர் இந்தியா, குவாத்தமாலா, பெரு, உருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. இந்தியப் பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் அமைந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்தை ஒட்டியதே. எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த புகைத்துகள் வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புகை குறைவது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடுப்பை மட்டும், அதுவும் கருவுற்ற காலத்தில் மட்டும் மாற்றினால் எல்லா நன்மையும் உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது என்பதை இம்முடிவு காட்டியது.

அடுப்பை மாற்றுதல்: பிரித்தானிய ஒப்பீடு

எரிபொருள் மாறும்போது அடுப்பும் மாற வேண்டும். பிரித்தானியாவில் நிலக்கரியிலிருந்து தயாரித்த வாயு வீடுகளில் எரிந்துவந்தது. வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும், 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகளில் சுமார் 1.3 கோடி நுகர்வோரின் ஏறத்தாழ 4 கோடி அடுப்புகளும் சூடேற்றிகளும் தெருத்தெருவாக மாற்றியமைக்கப்பட்டன. புதிய வாயுவின் வெப்பம் ஏறத்தாழ இரட்டிப்பு என்பதால் பர்னர்களை மாற்ற வேண்டியிருந்தது. செலவை வாயு நிறுவனமே ஏற்றது.

தமிழ்நாட்டில் இதே வகை மாற்றம், குழாய்வழி இயற்கை எரிவாயு வரும் இடங்களில் இப்போது நடைபெறுகிறது. எண்ணூரில் 2019இல் இந்தியன் ஆயிலின் நீர்ம இயற்கை எரிவாயு முனையம் செயல்படத் தொடங்கியது. உருளை வாயு சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் அடுப்புக்கு வரும். குழாய் வாயு சுமார் 21 மில்லிபாரில் வரும். கன அளவில் உருளை வாயுவின் வெப்பம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆகவே குழாய் வாயுவுக்கு அடுப்பின் நாசில் துளை பெரிதாக வேண்டும். மாற்றாமல் பயன்படுத்தினால் சுடர் சிறுத்துவிடும். பெரிதாக்கிய துளையில் உருளை வாயுவைக் கொடுத்தாலோ சுடர் அளவுமீறி எழுந்து, மஞ்சளாகிக் கரி படியும்.

மாறாத அடுப்பு

சமையலறைக்கு மானியம் வந்தது, சாயப்பட்டறைக்கு வரவில்லை. சமையல் எரிவாயு வழங்கல் ஆணை 2000இன்படி வீட்டு உபயோக உருளையைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றம். பட்டறைக்கு 19 கிலோ வணிக உருளைதான் வாங்க வேண்டும். அதற்கு மானியம் கிடையாது. 1993ஆம் ஆண்டின் ஆணை ரேஷன் மண்ணெண்ணெயையும் வீட்டுத் தேவைக்கென வரையறுத்தது. திருப்பி விடுவதைக் கண்டுபிடிக்க அதற்கு நீலநிறமும் சேர்க்கப்பட்டது. எனவே சிறிய சாயப்பட்டறையின் கணக்கில் விறகே தாக்குப்பிடித்தது.

தறியும் அடுப்பும் ஒரே வீட்டில் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் ஒன்று தொழில், மற்றொன்று குடும்பம். நெசவாளரின் கூரை இரண்டையும் பிரிப்பதில்லை. பட்டுச் சேலைக்கு நிறம் ஏறும் அண்டாவின் கீழே எரிவது, அந்தச் சேலையை நெய்யும் வீட்டின் சமையலறையிலிருந்து பெருமளவு விடைபெற்றுவிட்ட அதே விறகுதான்.